எங்கள் தளத்துக்குப் போட்ட மணல்

சூளகிரியில் நாங்கள் கட்டும் வீட்டில், கான்கிரீட் கூரைத் தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுகளை நாளைக் காலை ஏழு மணிக்கு எடுக்க வேண்டும். கூலி மிச்சம் என்று அப்பாவே அடியில் நின்று தட்டி எடுக்கப் போகிறார்.

இன்று பள்ளி விட்டு வந்தபோது, பக்கத்துக் கல் கிரஷரின் டிராக்டர் ஓட்டும் அண்ணன் பூச்சு வேலைக்கு மணல் லோடு இறக்கிக்கொண்டிருந்தார்.

"போன லோடு எதுக்குப் பாப்பா போட்டீங்க?"

"தளத்துக்குண்ணா."

"தளத்துக்கா! அது கான்கிரீட்டுக்குப் போடுற எம்சாண்ட் இல்ல பாப்பா, பள்ளத்துல கொட்டி நிரவுற தூளு. உங்கப்பா சீப்பா கேட்டாரு, ஓனர் குடுத்துட்டாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாத, வேல போயிடும்."

ஏணியில் ஏறி, காம்பஸ் முனையால் தளத்தின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன். மாவு போல உதிர்ந்தது.

டிரைவர் பேச்சை எடுக்காமல், தளம் உதிர்வதை மட்டும் அப்பாவிடம் சொன்னேன்.

"லோக்கல்ல வாங்குனதாலதான் தளமே போட முடிஞ்சுது. பத்தாவது படிக்கிற நீ எனக்கு எஞ்சினியரா?"

எங்கள் வீட்டுக்கு எஞ்சினியரே வைக்கவில்லை. அதுவும் மிச்சம்தான்.

"வீடு கட்டுற நேரத்துல வாயில நல்லதே வராதாடி?" என்றார் அம்மா.

இன்னொரு முறை பேசினால் அடி விழும். அதனால் அம்மாவின் போனை எடுத்துப் போர்வைக்குள் எழுதுகிறேன்.

சிவில் படித்த அக்கா, அண்ணா யாராவது இருந்தால், அப்பா அந்தத் தளத்துக்கு அடியில் போகாமல் இருக்க நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஏழு மணிக்குள் எழுதுங்கள்.

"கடவுள் பாத்துப்பார்" என்று மட்டும் போடாதீர்கள். அதை அம்மா சொல்லிவிட்டார்.