தடைக்காலத்தில் வந்த போன்

ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு வருடம் தொண்டு வேலை செய்ய அக்கா கிளம்பியபோது, காசிமேட்டில் எங்கள் தெருவே சிரித்தது. சம்பளமில்லாத வேலைக்கு யாராவது பிளேன் ஏறிப் போவார்களா என்று கேட்டார்கள். விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்த நைனா மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். "எம்பொண்ணு நாலு ஊரு பாத்துட்டு வரட்டும். உனுக்கு இன்னா வந்துச்சி?" என்று டீக்கடையில் ஒருவரிடம் சண்டைக்கே போய்விட்டார்.

அவள் போன நாலாம் மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில், நைனா துறைமுகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலமே அடக்கம். அக்காவுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று நான் குதித்தேன்.

"வந்தாலும் மூஞ்சிய கூடப் பாக்க முடியாது. அங்க ஒத்தையில கெடந்து அய்வும். உங்க நைனா ஆசப்பட்டு அனுப்பிச்சது. முடிச்சிகினே வரட்டும்" என்றாள் அம்மா. சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சத்தியம் வாங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு அக்காவின் போன் வரும். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா பேசுவாள். நான் பக்கத்தில் நசுங்கிக்கொண்டு நிற்பேன். நைனா எங்கே என்று கேட்டால், கடலுக்குப் போயிருக்கிறார் என்பாள். விசைப்படகு போனால் திரும்பப் பத்து நாள்கூட ஆகும். பொய் சொல்ல இதைவிட வசதியான தொழில் வேறு கிடையாது.

சித்திரை பிறந்தது. மீன்கள் முட்டையிடும் காலம் என்று விசைப்படகுகளுக்கு அரசாங்கம் தடை போட, எல்லாப் படகும் கரையில் கட்டிக் கிடந்தன. அந்த ஞாயிறும் அக்கா கேட்டாள். அம்மா பழக்கதோஷத்தில், "கடலுக்குப் போயிகீறாரும்மா" என்றுவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ரிசீவரை இறுகப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அக்கா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "சரிம்மா, நீ வேளாவேளைக்குத் துன்னு" என்று வைத்துவிட்டாள் அக்கா.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மீன்பிடிக்கிறவர் வீட்டில் பிறந்தவளுக்குத் தடைக்காலம்கூடவா மறந்துபோகும்? ஆறேழு மாதத்தில் மகாராணி ஆகிவிட்டாள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆவணி கடைசியில் திரும்பி வந்தாள். ஏர்போர்ட் வாசலில் அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தவள் கதறவில்லை. நேரே வந்து கட்டிக்கொண்டாள். அம்மாதான் ஓவென்று அழுதாள். குளிர் தேசத்தில் மனசும் மரத்துவிட்டது என்று முடிவு கட்டி, பல நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

அடுத்துப் போகிறவர்களுக்காக, அக்காவை அனுப்பிய தொண்டு நிறுவனத்தில், போய் வந்த பிள்ளைகளை ஒரு நாள் பேச அழைத்திருந்தார்கள். துணைக்குப் போன நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்ற கேள்விக்கு ஒருவர் குளிர் என்றார், ஒருவர் சாப்பாடு என்றார். அக்கா மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தடைக்காலத்துல எங்க நைனா கடலுக்குப் போயிருக்காருன்னு அம்மா சொன்னாங்க. அப்பவே புரிஞ்சிபோச்சி. நான் கேட்டா அம்மா அத வாயால சொல்லணும். அதனால கேக்கல. அங்க தெனமும் ஒரு தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டணும். அவருக்கும் எங்க நைனா மாதிரியே கை. பாத்ரூமுல போயி தண்ணியத் தொறந்து வுட்டு அழுதுட்டு வந்து ஊட்டுவேன். திரும்பி வர்ற வரைக்கும் அப்படித்தான்."

எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, அக்கா முகம் கழுவப் போனபோது, அம்மாவிடம் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். "அவ கேட்டிருக்கலாமேடா" என்றாள். "போன்லயே ரெண்டு பேரும் ஒண்ணா அய்துருப்போம்."