செருகாத போன்

இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. கற்பனையாக இருந்திருந்தால் எனக்குத் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கான உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பராமரிப்பு என் வேலை. ஆகஸ்ட் மாதம், மூன்றாம் லைனில் லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டருக்கு வேகம் போதவில்லை என்று, மெமரியைக் கூட்டப் புது ரேம் ஒன்று மாட்டினேன். விரல் நீளத்துக்குச் சற்று மேல், பச்சைத் தகடு. மாட்டிய பிறகு ஓர் இரவு முழுக்க மெமரி டெஸ்ட் ஓடவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அன்று லைனை உடனே கேட்டார்கள். டெஸ்ட் ஓட்டாமலே 'சரி' என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் நீலத் திரை காட்டி நின்றது. ஒரே நாளில் நான்கு முறை. கூடவே லைனும் நின்றது. சூப்பர்வைசர் ஸ்ரீதர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"இன்னா தென்றல், நீ கை வெச்ச நேரமா?"

"யாராவது அதுல போன் சார்ஜ் போட்டிருப்பாங்க சார்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். எங்கள் ஆலையில் போனை கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். லைனுக்குக் கொண்டுபோன கான்ட்ராக்ட் ஆளுக்கு அன்றே வேலை போய்விடும். அந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர் படப்பையைச் சேர்ந்த மாரி. கான்ட்ராக்ட். சாயங்காலமே அவரது அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

"நான் போனே எடுத்தாரல மேடம். நீங்க பாத்தீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் போன பிறகும் கம்ப்யூட்டர் நின்றுகொண்டேதான் இருந்தது. "அவன் கெடுத்து வெச்சிட்டுப் போனது" என்றார் ஸ்ரீதர்.

ஆயுத பூஜை அன்று லைன் ஓடாது. யாருக்கும் தெரியாமல் ரேமை மாற்றிவிட்டால் என் பொய் வெளியே வராது. அதற்காகவே போனேன்.

பூஜை முடிந்து எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு பஸ் ஏறிவிட்டார்கள். செக்யூரிட்டி பலராமன் மட்டும் இருந்தார்.

"பூஜ போட்டத நாளிக்கு வரிக்கும் தொடக்கூடாதும்மா."

"பத்து நிமிஷம்ணே."

"மெஷினுக்குக்கூட லீவு குடுக்க மாட்டியா நீ?"

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். கம்ப்யூட்டர் மேல் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. மணி 1.40.

மெமரி டெஸ்ட் ஓட்டினேன். நாலே நிமிடம். திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைகள். நான் மாட்டிய ரேம்தான். முதல் நாளே ஓட்டியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

சரியாக 2.00. ரேமைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டேன்.

'டிடிங்...'

போன் செருகினால் வரும் சத்தம். குனிந்து பார்த்தேன். எதுவும் செருகியிருக்கவில்லை.

2.20. மறுபடியும் 'டிடிங்...'

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கரே கிடையாது.

திரையில் மெமரி அளவைப் பார்த்தேன். 16 ஜி.பி. ரேமைக் கழற்றிய பிறகு பழைய எட்டுதான் காட்ட வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்...

16.

கையிலிருந்த தகட்டைக் கீழே வைக்கப் போனேன். விரல்கள் விரியவில்லை. காலும் நகரவில்லை.

டிடிங்... டிடிங்... யாரோ மூச்சுக்குத் திணறுவது போல...

3.10.

சத்தம் நின்றது.

லேபிள் பிரிண்டர் தானாக ஓடியது. கிர்ர்ர்... ஒரே ஒரு லேபிள்.

ஆபரேட்டர்: மாரி. நேரம்: 15.10.

அந்தப் பெயரைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தது நான்தான். எப்போதோ.

விரல்கள் விரிந்தன.

ஓடினேன்.

மறுநாள் ஷிப்டுக்கு முன்னால் யூனிபார்மோடு படப்பைக்குப் போனேன். மாரியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது, ஆலையிலும் எழுதிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். உடல் இன்னும் வரவில்லை. அவர் மனைவி கங்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். வேலை போன பிறகு லோடு ஏற்றப் போயிருக்கிறார். பைக்கில் திரும்பும்போது லாரி மோதி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில். நேற்றுப் பகல் 3.10க்கு உயிர் போயிருக்கிறது.

கங்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவர் போன் செருகலம்மா. தப்பு என்னுது. நான் பொய் சொன்னேன்."

கங்கா என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"அத நேத்தே அவராண்ட சொல்லியிருக்கலாமே மேடம்."

"நேத்தா?"

"ரெண்டு மணிக்கு வந்து கட்டிலாண்ட நின்னீங்களே. இதே நீல சட்ட. கையில இன்னாமோ பச்ச தகடு. 'நீங்க பாத்தீங்களா'ன்னு அவரு கேட்டுக்கினே கீறாரு, நீங்க குனிஞ்ச தல நிமிரல. மூச்சு நின்னப்புறம்தான் போனீங்க."