பாலகுருவின் மிஷினும் மாமியாரின் பிராங்கும்

முத்தியால்பேட்டை இராமதாசுக்கு எதையும் ஏன் என்று கேட்காமல் விட முடியாது. அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மகன் பி.காம். முடித்து, 1974-இல் உப்பளத்தில் பாலகுருவின் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கணக்கராகச் சேர்ந்தார். அந்த வேலையிலேயே தலை நரைத்தது.

அவரை நெடுநாள் யோசிக்க வைத்தது பிரெஞ்சுக் காசான பிராங்கு. அவர் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வுபெற்ற சொல்தாக்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுடைய பென்ஷன் பிராங்கில் கணக்கிடப்பட்டு, ரூபாயாகக் கைக்கு வரும். பிராங்கு ஏறினால் அந்த வீடுகளில் வஞ்சிர மீன் மணக்கும், இறங்கினால் நெத்திலி. எங்கோ இருக்கும் ஒரு காசு இங்கே குழம்பை எப்படி மாற்றுகிறது என்று இராமதாஸ் வியந்துகொண்டே நடப்பார்.

1985-இல் பாலகுரு பிரான்சிலிருந்து பெட்டி அச்சடிக்கும் மிஷின் ஒன்றைத் தருவித்தார். விலை நான்கு லட்சம் பிராங்கு. ஆறு மாதத்துக்கு ஒன்றாக இரண்டு சம தவணை. ஈடாகக் கம்பெனிக் கட்டடத்தின் பத்திரமே பேங்கில் இருந்தது. அப்போது ஒரு பிராங்கு ஏறக்குறைய ஒரு ரூபாய் நாற்பது காசு.

தவணைக்கான பிராங்கை இன்றைக்கே ஒரு விலை பேசி முடித்துவைக்கலாம், பிறகு சந்தை எங்கே போனாலும் அந்த விலைதான் என்றார் பேங்கு அதிகாரி. அதற்குப் பெயர் ஃபார்வர்டு கான்ட்ராக்ட். பேசும் விலை அன்றைய விலையைவிடச் சில காசு கூடுதலாக இருக்கும்.

பாலகுரு சிரித்தார். அவர் வீட்டில் அப்பா, பெரியப்பா, கணவர் வழியில் மாமியார் என்று மூன்று பேர் பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள்.

"பிராங்கு ஏறினா மிஷின்ல நஷ்டம், வீட்டுல லாபம். ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் பூடும். பேங்குக்கு எதுக்கு தண்டம் அழணும்?"

இராமதாசுக்கும் அது அழகான கணக்காகத் தோன்றியது. அவரும் சரி என்றார்.

முதல் தவணை வந்தபோது பிராங்கு ஒன்று அறுபதைத் தாண்டியிருந்தது. நாற்பதாயிரத்துக்கு மேல் கூடுதலாகப் புரட்ட வேண்டி வந்தது. வேலையாட்களுக்குப் பொங்கல் போனஸ் பாதிதான். அந்த நஷ்டத்தை இராமதாஸ் அன்றைய முறைப்படி மிஷினின் விலையோடு சேர்த்து எழுதினார். பாலகுரு ஏட்டையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார். வைத்த இடத்திலேயே நிற்கிற மிஷின் எப்படி விலை ஏறுகிறது என்று கேட்டார்.

பென்ஷனில் ஏறியது எங்கே போயிற்று என்ற கேள்வி இராமதாசைக் குடைந்தது. நேரே முதலாளி வீட்டுக்குப் போனார். மூன்று பென்ஷனும் சேர்ந்து ஆறு மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம்தான் ஏறியிருந்தது. அதிலும் அப்பா ஒரு டேப்ரிக்கார்டர் வாங்கிவிட்டார். பெரியப்பா பேத்திக்குக் கம்மல் எடுத்துவிட்டார். மாமியார் மணியம்மாள் கொத்தமல்லி ஆய்ந்தபடியே பதில் சொன்னாள்.

"ஏறினது என் பென்ஷன் தம்பி. எறங்கியிருந்தா உன் மொதலாளி எனக்குக் குடுத்திருப்பாரா?"

இராமதாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினார். தொகை பொருந்தவில்லை என்பதுகூடப் பெரிதில்லை. லாபம் ஒருவர் பையில், நஷ்டம் இன்னொருவர் பையில். இதை ஒரே கணக்கு என்று எப்படி நினைத்தோம்? இன்னொரு முறை இப்படி ஏறினால் கட்டடம் போகும். கட்டடம் போனால் முப்பது பேருக்கு வேலை இல்லை, அவருக்கும்தான்.

மறுநாள் பாலகுருவிடம் இரண்டாம் தவணைக்காவது விலை பேசிவிடலாம் என்றார். பேங்கு கேட்டது ஒன்று அறுபத்தெட்டு. பாலகுருவுக்கு மனம் வரவில்லை.

"ஏறின பின்னாடி போய் வெல பேசச் சொல்றியே. நாளைக்கே எறங்கிட்டா?"

"எறங்கினா நமக்கு வயித்தெரிச்சல், மொதலாளி. ஏறினா கம்பெனியே இல்ல."

பாலகுரு பேனாவை எடுத்தார். வயிற்றெரிச்சலுக்கு உன்னைத்தான் திட்டுவேன் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நடுவில் ஒரு வாரம் பிராங்கு கொஞ்சம் இறங்கியது. சொன்னபடியே திட்டினார்.

ஜூலையில் தவணை வந்தபோது சந்தையில் ஒன்று எண்பது. கம்பெனி ஒன்று அறுபத்தெட்டுக்கே கட்டியது. கட்டடப் பத்திரம் பேங்கிலிருந்து திரும்பியது. பாலகுரு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, மிச்சமான இருபத்து நாலாயிரத்தை லாபத்தில் காட்டச் சொன்னார்.

வாங்கிய விலையைத்தான் எழுத முடியும், வாங்காமல் தப்பித்த விலைக்கு ஏட்டில் இடமில்லை என்று விளக்கினார் இராமதாஸ். பாலகுருவுக்கு அது ஒப்பவில்லை.

"நஷ்டம் வந்தப்ப மட்டும் மிஷின் தலைல எழுதினே. இத எங்கதான் காட்டுவே?"

இராமதாஸ் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் மிஷினை ஓட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"அங்க பாருங்க" என்றார்.