ஹமீது நானாவின் முள்கம்பி

சரியாக மூன்று நாற்பதுக்குத்தான் ஆரம்பித்தது. பள்ளிவாசல் சுவர்க்கடிகாரத்தை அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏன் பார்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அஸர் தொழுகை முடிந்து, காலை பத்து மணிக்கு இறந்துபோன ஹமீது நானாவின் ஜனாஸாவை முன்னால் வைத்திருந்தார்கள்.

நீங்கள் நம்பாவிட்டால் கோபமில்லை. நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன், ஆவிக் கதை பேசும் பிள்ளைகளைக் கேலி செய்தே ஐம்பது வயதைத் தொட்டவன்.

யட்டவத்தையில் எங்கள் வீட்டுக்கு ஹமீது நானாவின் கராம்புத் தோட்டத்துக்குள்ளால்தான் பாதை. ஏழு வருடங்களுக்கு முன் ஒரு சின்ன வாய்ச்சண்டைக்கு, அதை முள்கம்பி அடித்து மூடிவிட்டார். அன்றிலிருந்து ஓடை மரப்பாலத்தால் சுற்றித்தான் போக்குவரத்து. உம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று கதிரையில் வைத்துத் தூக்கிவந்து அந்தக் கம்பிக்கு முன்னால் நின்று கெஞ்சினோம். "சுத்திப் போங்க" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உம்மா இல்லை.

ஊருக்காகத்தான் ஜனாஸாவுக்குப் போனேன். ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய மகன் எழுந்து, வழக்கப்படி கேட்டான்.

"எங்கட வாப்பா யாருக்காச்சும் அநியாயம் செஞ்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சிட்டோம்" என்றது சபை. கடைசி வரிசையில் சுவரோரம் தனியாக நின்ற நான் உதட்டை இறுக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

அப்போதுதான் போன் அதிர்ந்தது. மனைவி.

"புள்ள இன்னம் வரல்லங்க, ஓடையில தண்ணி மரத்தையெல்லாம் இழுத்துட்டுப் போகுது!"

மலைக்கு மேலே பெய்த மழை. பள்ளிவாசல் எங்கள் வீட்டுக் கரையில்தான், ஓடினேன். பாலம் இருந்த இடத்தில் இரண்டு முளைகள் மட்டும் நின்றன. மூன்றரை பஸ்ஸில் இறங்கும் என் மகள் ஷிஃப்னா அந்த நேரம் பாலத்தில்தான் இருந்திருக்க வேண்டும். கரையில் நின்று கத்தினேன். இறைவனிடம் துஆக் கேட்க வேண்டிய வாயால் செத்துப்போனவரைத் திட்டினேன், அவருடைய பிள்ளைகளும் இப்படித் தவிக்கட்டும் என்றுகூடச் சொன்னேன். கெட்ட மனிதன் யார் என்பதில் அதுவரை எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

"வாப்பா, ஏன் சத்தம் போடுறீங்க?"

பின்னால், வீட்டுப் பக்கமிருந்து மகள் வந்தாள். வெள்ளைச் சப்பாத்தில் ஈரமில்லை.

"எதால வந்த நீ?"

"ஹமீது மாமாட தோட்டத்தால. பாலத்துப் பக்கம் திரும்பினேன், ஏசிக் கூப்பிட்டாரு. அவரே கம்பியக் கழட்டினாரு."

காலையிலேயே பள்ளிக்கூடம் போனவளுக்கு அவர் இறந்தது தெரியாது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். முள்கம்பி வளையமாகச் சுருட்டி ஒரு கராம்பு மரத்தில் மாட்டியிருந்தது. அவருடைய மகன்மார் தாங்கள் தொடவில்லை என்று சத்தியம் செய்தார்கள். தொட்டிருக்கவும் முடியாது, எல்லோரும் என் கண்முன்னால் பள்ளிவாசலில் நின்றார்கள். அவரும்தான் அங்கே இருந்தார். ஏழு வருடத் துருவேறிய அந்தக் கம்பியை என்னால் குறட்டால்கூட வளைக்க முடியவில்லை.

கம்பிக்கு யாராவது ஒரு விளக்கம் சொல்லலாம். நான்தான் படித்தவன், நானே நாலைந்து சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அன்று கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு மகள் கேட்டதற்கு அவற்றில் எதுவும் பொருந்தவில்லை.

"'ஒன்ட வாப்பா மட்டும் வாயத் தொறக்கல்ல. அவர்ல பிழையில்ல, நீ இதால போ மகள்' என்டு சொன்னாரு. என்னத்த வாப்பா நீங்க சொல்லல்ல?"