நான்காவது கரு

என் தங்கை மகனுக்கு மூன்று வயதில் கெண்டைக்கால்கள் திரண்டு கல் போல இருந்தன. திருச்செங்கோட்டில் அவர்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். "கபடிக் காலுங்க இது" என்று மைத்துனர் சொல்லிச் சிரிப்பார். நானும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். தசை அழிந்த இடத்தில் கொழுப்பு சேர்வதால் வந்த திரட்சி அது என்று தெரிய இன்னும் மூன்று வருடங்கள் ஆயின. அதற்குள் பையன் தரையிலிருந்து எழும்போது தொடைகளில் கையை ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுகிறவனைப் போல எழத் தொடங்கியிருந்தான்.

தசைச் சிதைவு நோய். ஆண் பிள்ளைகளைத் தாக்குவது, பெரும்பாலும் தாய் வழியாக வருவது. தங்கையின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மரபணுப் பிழை அவளிடமிருந்து வந்ததுதான். அவளுக்கு ஒரு குறையும் இல்லை; பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியவள். எங்கள் அம்மாவின் தம்பி ஒருவர் நடக்க முடியாமல் கிடந்து சிறுவயதில் இறந்தவர். போலியோ என்று வீட்டில் சொல்லிவந்தோம். யாரும் விசாரித்ததில்லை, நான் உட்பட.

மைத்துனர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். வருடத்தில் பாதி நாள் வடமாநிலங்களில் போர் போடப் போய்விடுவார். பையனுக்குத் தினமும் எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடுவதும், இடுப்பில் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவதும் அவருடைய அம்மாதான். அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அவர் பேசியதை மட்டும் எழுதினால் அது நேர்மையாக இராது.

இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று கேட்டவள் தங்கை. வயது முப்பத்தேழு. சேலத்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் வழி சொன்னார்கள். கருவை வெளியே உருவாக்கி, அதிலிருந்து சில செல்களை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, நோய் இல்லாத கருவை மட்டும் வயிற்றில் வைக்கலாம். இரண்டு மாதம் ஊசி போட்டுக்கொண்டாள். நான்கு கருக்கள் தேறின. அவற்றை உறைய வைத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தார்கள். முடிவு வந்த அன்று, "நீ வந்தாத்தாண்ணா எங்களுக்குப் புரியும்" என்று என்னையும் கூப்பிட்டாள். சேலத்தில் இருபது வருடமாகச் செய்தியாளனாக இருப்பவன் நான்.

மருத்துவர் நிதானமாகச் சொன்னார். இரண்டு கருக்களில் நோய் இருக்கிறது. ஒன்று வளர வாய்ப்பில்லாதது. "நாலாவதுக்கு நோய் வராது. ஆனா நோயைச் சுமக்கும். வைக்கறதுக்குத் தகுதியான கருதான். வேண்டாம்னா இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம். நீங்க பேசி முடிவு பண்ணுங்க."

மைத்துனர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "அதைய ரிப்பேர் பண்ண முடியாதுங்களா மேடம்? ஒரே ஒரு எழுத்துத்தான் தப்புன்னு போன தடவை சொன்னீங்களே."

"மனுஷக் கருவைத் திருத்த அனுமதி இல்லைங்க. ஒண்ணைச் சரி பண்ணப் போயி வேற எது கெடும்னு இன்னைக்கு யாருக்கும் தெரியாது. தேர்ந்தெடுக்க மட்டும்தான் முடியும்."

"ஒரு பேரிங் போச்சுன்னா வண்டியவே காயலாங்கடைக்குத் தள்றதுங்களா?"

மருத்துவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கருவைத் திருத்தி மனிதனை மாற்றி எழுதுவது சரியா என்று விவாதிக்கிற கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். ஞாயிறு இணைப்புக்கு ஒன்று எழுதியும் இருக்கிறேன். திருத்துவது அபாயம், ஒதுக்குவது சிகிச்சை என்று எங்கேயோ கோடு போட்டாயிற்று. அந்தக் கோட்டில் நின்றுகொண்டு ஒரு ரிக் வண்டிக்காரர் கேட்ட கேள்வியைச் சிரித்துக் கடந்தோம்.

மருத்துவரின் தலைக்கு மேல், கருவின் பாலினம் இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது என்ற பலகை இருந்தது. அவர் கடைசிவரை சொல்லவில்லை. தாளிலும் இல்லை.

சொன்னவன் நான். எதிரிலிருந்த டீக்கடையில் தங்கை, மைத்துனர், கூட வந்திருந்த அவருடைய அம்மா, நான் என நால்வரும் நின்றோம். மைத்துனர் கேட்டார்: "ஏனுங் மச்சான், அது பையனாப் பொறந்து நோயைச் சுமந்துக்கிட்டு மட்டும் இருக்குமுங்களா?"

"பையனுக்கு அப்படி இருக்காதுங்க மாப்ளே. பையனுக்கு வந்தா நோய்தான். சுமக்கறது பொண்ணுதான்" என்றேன். தகவல் சரி. ஒரு சொல் பிசகவில்லை. பெண் கருவைக் கண்டறிந்து அழிப்பதைப் பற்றி இந்த மாவட்டங்களில் எத்தனையோ செய்தி எழுதியவன், டீ ஆறுவதற்குள் அதைச் சொல்லி முடித்திருந்தேன்.

தங்கையின் மாமியார் டம்ளரைக் கீழே வைத்தார். "பொட்டப்புள்ளையா?"

பிறகு அவரே சொன்னார்: "பொட்டப்புள்ளைங்கறதுக்காவச் சொல்லிலீங் தம்பி. நாளைக்கு அவளும் இப்படியொண்ணைப் பெத்து இடுப்புல தூக்கிட்டுத் திரியோணுமா? சொல்லாமக் கட்டிக் குடுத்தாப் பாவம். சொன்னா எவன் கட்டுவான்?"

"அவ காலத்துல மருந்து வந்துருமுங்க அத்தை" என்றாள் தங்கை.

"வருமா? எழுதிக் குடுப்பாங்களா?"

"அது என்னாட்டவே இருக்குமுங்க. எனக்கு என்ன கொறைங்க?"

"உன்னைக் குத்தஞ் சொல்லில அம்மிணி" என்று அவள் தோளைத் தொட்டார். "ஒருத்தி பட்டது போதுங் கண்ணு."

அது பெண் என்பதால் வேண்டாம் என்றாரா, நோயைச் சுமக்கும் என்பதால் வேண்டாம் என்றாரா என்று பல முறை யோசித்திருக்கிறேன். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் விடை தெரிந்திருக்கும்.

அன்று திரும்பும்போது காரில் தங்கை என்னிடம் கேட்டாள்: "நீ என்னண்ணா சொல்றே?" வைப்பதற்கு உள்ள காரணங்களையும், வைக்காமலிருக்க உள்ள காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன். இரண்டு பக்கமும் சம அளவில் வந்தன. அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டாள். இரண்டு வாரத்தில் கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். 'பயன்படுத்த விருப்பமில்லாத கருக்களை அகற்ற ஒப்புதல்' என்று படிவத்தில் இருந்தது. அவள் தன் பெயரை முழுதாக, இனிஷியலோடு எழுதினாள்.

அடுத்த முறை ஊசி போட்டும் ஒரு கருவும் தேறவில்லை. வயதாகிவிட்டது என்றார்கள். மைத்துனர் சத்தீஸ்கருக்கு வண்டியோடு போனார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் தங்கை போன் செய்தாள். பையனுக்கு வாங்க வேண்டிய சக்கர நாற்காலியைப் பற்றிப் பேசினாள். பிறகு, "அண்ணா, உனக்குத்தான் எல்லாப் பக்கமும் ஆளு தெரியுமே. அதைய எந்த நாளு எடுத்துப் போட்டாங்கன்னு கேட்டுச் சொல்றியா?" என்றாள்.

எதை என்று நான் கேட்கவில்லை. மையத்துக்கு போன் போட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அப்படி ஒவ்வொண்ணுக்கும் தேதி எழுதறதில்லைங்க சார். சேந்தப்பறம் மொத்தமாப் பண்ணிருவாங்க. உங்களுது எப்ப முடிஞ்சுதுன்னு சொல்ல முடியாதுங்க."

சாயங்காலம் தங்கையைக் கூப்பிட்டேன். ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என்றேன்.

"காலையிலயா, மத்தியானமா?"

"காலையில."

"எத்தனை மணிக்குண்ணா?"

பதினோரு மணிக்கு மேல் இருக்கும் என்றேன்.