நாவப்பட்டையும் ஒன்பது இலையும்

வுனிமோனோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு நாவல் மரம் நின்றது. ஊருக்கெல்லாம் அது ஜாமுன். நாவல் என்று சொன்னவள் நான் ஒருத்திதான். என் அம்மா வாயிலிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. அந்த மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவள் நிறுத்த மாட்டாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும், எனக்கென்ன! வாய்ப்புண் வந்தால் அதன் பட்டையை வேகவைத்துக் கொப்பளிப்போம். ஈறில் ரத்தம் கசிந்தால் இலையைச் சுட்ட சாம்பலால் தேய்ப்போம். கொட்டையைக் காயவைத்து இடித்த பொடிக்காகச் சர்க்கரை வியாதிக்காரர்கள் நகாசியிலிருந்துகூட வருவார்கள். மாத்திரையை நிறுத்தினால் இந்தப் பக்கமே வராதீர்கள் என்று திட்டித்தான் கொடுப்பேன். இத்தனையும் தருகிற மரத்தைப் பெருமையாகப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

எங்கள் தீவில் ராணுவம் அரசாங்கத்தைக் கவிழ்த்த வருஷம் அது. எங்கள் இந்தியச் சனங்களில் யாரைப் பார்த்தாலும் நாட்டை விட்டுப் போகும் பேச்சு, பாஸ்போர்ட் பேச்சுதான். எங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரும் கதவைப் பூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். என் அண்ணனுக்கும் அண்ணிக்கும் கனடா விசா வந்திருந்தது. கடைசியாக என் வீட்டில் தங்கிவிட்டு, அங்கிருந்தே நாந்தி விமான நிலையத்துக்குப் போவதாக ஏற்பாடு. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன சுவாவிலேயே ஊரடங்கில் மாட்டிக்கொண்டார்.

அவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள் பார்த்து என் மூன்று வயது மகளுக்கு வயிறு கெட்டுவிட்டது. காலையில் தண்ணீராகப் போனது, அப்புறம் சீதமும் ரத்தமுமாகப் போக ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் கண் குழி விழுந்துவிட்டது. அழக்கூடப் பிள்ளைக்குத் தெம்பில்லை. நாள் முழுக்க ஊரடங்கு; ரோட்டில் ஒரு வண்டி கிடையாது. விடிந்தால் அண்ணன் அனுமதி வாங்கி வைத்திருந்த வேன் வரும், அதில் சுவா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். அதுவரைக்கும் உயிர் தங்க வேண்டுமே!

அண்ணி ட்ரெகேட்டியில் நெல் போடும் இந்திக்காரக் குடும்பத்துப் பெண். தமிழில் அவளுக்கு அ, ஆ தெரியாது. நானும் அவளிடம் இந்தியில்தான் பேசுவேன். அன்றைக்குப் பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. பின்பக்கம் மரத்தைக் கைகாட்டி, "நாவப்பட்ட கொண்டாங்க அண்ணி, ஓடுங்க!" என்று கத்தினேன்.

ஓடினாள். பயணத்துக்காகத் தைத்த புதுப் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்தில் ஏறினாள். கீழே நின்ற என் அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். முழங்கை சிராய்த்து, மூச்சு வாங்கத் திரும்பி வந்தவளின் கையில் நாவல் இலைகள். "பட்டை எங்கே?" என்று நான் பாய்ந்தேன்.

"தும் நௌ பத்தா போலா, ஹம் நௌ பத்தா லாயா! கின் லோ!" என்று அவளும் பாய்ந்தாள். ஒன்பது இலை கேட்டாய், கொண்டு வந்திருக்கிறேன், எண்ணிக்கொள் என்கிறாள். அப்போதுதான் உறைத்தது. இந்தியில் நௌ என்றால் ஒன்பது, பத்தா என்றால் இலை. நாவப்பட்டை அவள் காதில் நௌ பத்தா ஆகிவிட்டது! அத்தனை கலவரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

ஆனால் அவள் சும்மா எட்டிய இலையைப் பறித்து வரவில்லை. மருந்துக்கு என்றால் இளசுதானே வேண்டும் என்று தானாக யோசித்து, உச்சிவரை போய்க் கொழுந்தாகக் கிள்ளியிருந்தாள். நாவல் கொழுந்தும் சீதபேதிக்கு மருந்துதான். நான் பதற்றத்தில் அதை மறந்தே போயிருந்தேன். மகராசி! அதை மையாக அரைத்து மோரில் கலக்கினேன். அதற்குள் அவள் கத்தியோடு போய்ப் பட்டையும் வெட்டி வந்தாள். மேல்தோலைச் சீவிவிட்டு, உள்ளே சிவப்பாக இருந்ததைக் கஷாயம் வைத்தேன்.

துவர்ப்பு தாங்காமல் பிள்ளை துப்பியது. அண்ணி அதை மடியில் போட்டுக்கொண்டு ஏதோ இந்திப் பாட்டைப் பாடி ஏமாற்றி, கஷாயம் ஒரு வாய், உப்பும் சர்க்கரையும் போட்ட கஞ்சித் தண்ணீர் ஒரு வாய் என்று புகட்டினாள். பெட்டி கட்டும் வேலை அப்படியே கிடந்தது. அண்ணன் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். மூன்றாவது தடவை அவள் முறைத்த முறைப்பில் அவரே துணிகளை மடிக்க உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் போக்கு குறைந்தது. படுக்கும் நேரத்தில் நின்றே விட்டது. மரத்தைக் கும்பிடுவதா, அவளைக் கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் மகள் கண் விழித்தாள். பக்கத்தில் படுத்திருந்தவள் நான். அவளோ என்னைத் தாண்டிப் பார்த்து, "மாமி, பூக் லகே" என்றாள். பசிக்கிறதாம்! அதைப் பெற்றவளிடம் சொல்லாமல் மாமியிடம் சொல்கிறாள். என் வயிறு எரிந்தது. அதைவிடப் பத்து மடங்கு குளிர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு இனி அவசரமில்லை.

அண்ணி கஞ்சியை ஆற்றி ஊட்டிக்கொண்டிருந்தபோது வெளியே வேன் ஹாரன் அடித்தது. அண்ணன் பெட்டிகளை ஏற்றினார். பிள்ளை அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, மத்தியானம் ரொட்டி சுட்டுத் தருவாயா என்று கேட்டது. சுட்டுத் தருகிறேன் என்று தலையாட்டினாள் அண்ணி.