தைல வாடை போகும்வரை

ரபீகா ராத்தா ஆவி பிடிக்கும் மெஷினைக் கவிழ்த்துப் பிடித்து, காதோரம் வைத்துக் குலுக்குகிறார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் சத்தம் போட்டாலும் அது அலுமாரிக்குள் போகாது. மறுபடியும் துணி, மறுபடியும் வெயில்.

அக்குறணையில் எங்கள் தெருவில் யாருக்குத் தடிமன் பிடித்தாலும் அந்த மெஷின்தான் வந்து நிற்கும். இரவல் கொடுப்பதில் ராத்தாவுக்குக் கஞ்சத்தனமே கிடையாது. திருப்பிக் கொடுக்கும்போதுதான் நமக்குச் சோதனை. "மூடியத் தொறந்து காட்டுங்க" என்பார். சூடாகும் கம்பியில் வெள்ளை ஏடு படிந்திருந்தால் போச்சு, மானம் கப்பலேறிவிடும்.

"நாங்க தொழுறதுக்கு கைகால் கழுவி வுளூ செய்ற. இவ மெஷினுக்கும் செஞ்சி வெக்கிற" என்று அவருடைய கணவர் ஜவாஹிர் நானா கிண்டலடிப்பார்.

"புள்ளகள்ட நெஞ்சுக்குள்ள போற காத்து. ஊத்தையா போகலுமா?" என்பார் ராத்தா.

இந்த நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசலில் தராவீஹ் எனும் இரவுத் தொழுகை நடத்துவது ராத்தாவின் மகன் ஸிபான். குர்ஆனை மனனம் செய்தவன். அவனுக்கு இதுதான் முதல் வருடம். பாதி நோன்பில் தொண்டை கட்டிக்கொண்டது. "இன்டைக்கும் சத்தம் வராட்டி வேற ஆளப் போடுவாங்களாம் உம்மா" என்று கரகரத்தான்.

மெஷின் அடுத்த வீட்டு பஸ்லினாவிடம் இருந்தது. அவள் கொண்டுவந்தபோது மூடியைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை, அப்படியொரு வாடை. தண்ணீருக்குள்ளேயே தைலத்தைக் கரைத்திருக்கிறாள் புண்ணியவதி!

"இது என்ன புள்ள, கறிச்சட்டியா? கெடச்சதெல்லாம் போட!"

"கெதியா சொகமாகட்டுமெண்டுதான் ராத்தா..."

நோன்போடு ஆவி பிடித்தால் நோன்பு முறியும். நோன்பு திறந்த பிறகு தொழுகைக்குக் கொஞ்ச நேரமே இருக்கும். அதற்குள் மெஷின் தயாராக வேண்டும். பின்னேரம் அஸர் தொழுததும் ராத்தா உட்கார்ந்துவிட்டார். வினாகிரி கலந்த தண்ணீரை ஊற்றி ஊறவைத்தார். பழைய டூத் பிரஷ்ஷால், கம்பியில் கீறல் விழாமல், பதமாகத் தேய்த்தார். கழுவினார், முகர்ந்தார், மறுபடி கழுவினார். வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, வந்த ஆவியில் ஒரு துணியைக் காட்டி அதையும் முகர்ந்த பிறகே அவர் முகம் தெளிந்தது. நோன்புக் கஞ்சி ஜவாஹிர் நானாவின் பொறுப்பில் அடிப்பிடித்தது.

நோன்பு திறந்ததும் ஸிபான் துவாயைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தான். நேராகப் பள்ளிவாசலுக்குப் போனான்.

இரவு இஷா தொழுகைக்குப் பிறகு, பெண்கள் தொழும் மண்டபத்தின் ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது. முதல் சொல்லில் லேசாகக் கரகரப்பு. பிறகு குரல் திறந்துகொண்டது. அல்ஹம்துலில்லாஹ், என்ன ஒரு குரல்!

முதல் இரண்டு ரக்அத் தொழுது முடிந்ததும், கலகெதரவிலிருந்து விருந்துக்கு வந்திருந்த ஒரு பெண் ராத்தாவிடம் கேட்டாள்: "யாரு இந்த ஓதுற? நல்ல சத்தம்."

ராத்தா முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்தார். பின்வரிசையிலிருந்து எங்களையெல்லாம் கடந்துபோய், முன்வரிசையில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்றுகொண்டார்.